இணையவழி வேளாண் கல்வி: வயலுக்கும் மதிப்பெண் வேண்டும்

தொலைவிலிருந்து உழவுத் தொழிலைக் கற்பிக்க இயலுமா என்னும் வினா நம் நாட்டிற்குப் புதியதன்று. 1956ஆம் ஆண்டில் அகில இந்திய வானொலியின் பூனா நிலையத்தார், யுனெஸ்கோவின் துணையுடன், மராட்டியப் பகுதியின் 5 மாவட்டங்களில் ஏறத்தாழ 150 கிராமங்களைத் தேர்ந்தெடுத்து உழவர்களுக்கென 20 ஒலிபரப்புகளை நிகழ்த்தினர். ஒவ்வொரு கிராமத்திலும் சிலர் ஒருங்கு கூடி அவற்றைக் கேட்டனர். கேட்டபின் தமக்குள் விவாதித்தனர். தம் ஐயங்களை எழுதி நிலையத்திற்கு அனுப்பினர். பால் நியூராத் என்னும் சமூகவியலறிஞர் இம்முயற்சியின் பயனை மதிப்பிட்டார். வானொலி மன்றம் அமைந்த கிராமங்களை, பெட்டி மட்டும் இருந்து மன்றம் அமையாத கிராமங்களோடும், பெட்டியே இல்லாத கிராமங்களோடும் அவர் ஒப்பிட்டார். மன்றம் இருந்த இடங்களில் மக்களின் அறிவு வளர்ச்சி பெரிதாயிருந்தது. பெட்டி மட்டும் இருந்த இடங்களில் அது சொற்பமே. ஒலிபரப்பு ஒன்றுதான்; கேட்டவர்களும் ஒரே தன்மையர்தாம். கேட்டதை வைத்துக்கொண்டு என்ன செய்தார்கள் என்பதிலேதான் வேறுபாடு.

இன்று வானொலிப் பெட்டியின் இடத்தில் கைப்பேசித் திரை வந்துள்ளது. கேட்போரும் உழவரல்லர், நாளை உழவருக்கு ஆலோசனை கூறப்போகும் பல்கலைக்கழக மாணவர்கள். 2017ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் மத்திய அரசாங்கத்தின் ‘ஸ்வயம்’ தளம் தொடங்கப்பெற்றது. அதற்குப் பல ஆண்டுகள் முன்னரே இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களின் ‘என்பிடெல்’ பாடங்கள் நடைபெற்று வந்தன. கான்பூர்க் கழகத்தார் காமன்வெல்த் கற்றல் அமைப்புடன் இணைந்து வேளாண்மைக்கெனவே பாடவரிசை ஒன்றை நடத்தினர். ஒரு பட்டப் படிப்பில் பருவந்தோறும் 100க்கு 40 பங்கு வரையிலான பாடங்களை ஸ்வயம் வழியாகப் பயிலலாம் எனப் பல்கலைக்கழக மானியக் குழு 2021இல் விதி செய்தது. துல்லிய வேளாண்மை, செயற்கைக்கோள் வழிப் பயிர் நோக்கு, நீர்ச் சிக்கனப் பாசனம் முதலியவற்றை இனி ஒரு மாணவன் தன் வீட்டுத் திண்ணையில் அமர்ந்தே பயில இயலும். இது நல்வரவே. சிறந்த பேராசிரியர் ஒருவரின் விளக்கம் தன் கல்லூரியில் அத்துறை இல்லாத மாணவனுக்கும் கிட்டுகிறது. விளங்காத பகுதியை மும்முறை கேட்கலாம். இவ்வசதியைக் குறைகூறுவது என் நோக்கமன்று. பாடத்தின் இறுதியில் வழங்கப்படும் மதிப்பெண் எதனை அளக்கிறது என்பதே என் வினா.

ஓர் எடுத்துக்காட்டைச் சற்று விரிவாக நோக்குவோம். செயற்கைக்கோள் படத்திலிருந்து பயிரின் பசுமையைக் கணக்கிடும் முறை இப்பாடங்கள் பலவற்றில் இடம்பெறுகிறது. இலையின் பச்சையம் சிவப்பொளியை உறிஞ்சிக்கொள்ளும். இலையின் உள்ளமைப்பு, அகச்சிவப்பில் கண்ணுக்குப் புலனாகும் ஒளிக்கு அண்மையான பகுதியைத் திருப்பி அனுப்பும். இவ்விரு அளவுகளின் வேறுபாட்டை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் கிடைப்பது பசுமைக் குறியெண். பத்து நிமிடத்தில் இதனைத் திரையில் தெளிவாக விளக்கிவிடலாம். தேர்விலும் வினா எழுப்பலாம். மாணவனும் சரியாக விடையளித்துவிடுவான்.

ஆனால், ஐரோப்பியரின் ‘சென்டினல்-2’ கோள்கள் இலவசமாக வழங்கும் படத்தில் நிலத்தின் மிகச் சிறிய கூறு 10 மீட்டர் சதுரம். நம் நாட்டில் ஓர் உழவரின் சராசரி நிலவுடைமை, 2015–16ஆம் ஆண்டு வேளாண்மைக் கணக்கெடுப்பின்படி, 1.08 ஹெக்டேர். இது ஒரே துண்டாக, சதுரமாக இருப்பதாகவே கொண்டாலும் பக்கத்திற்கு ஏறத்தாழ 10 கூறுகள், மொத்தம் 100 கூறுகள். அவற்றுள் 36 வரப்பை ஒட்டியவை. மூன்று துண்டுகளாகப் பிரிந்திருந்தால் ஒவ்வொன்றிலும் 36 கூறுகள். அவற்றுள் 20 வரப்பை ஒட்டியவை. வரப்பு மரமும், வாய்க்காலும், அடுத்தவர் பயிரும் கலந்த எண்ணே அங்குக் கிடைக்கும். பருவமழைக் காலத்தில் மேகம் மறைத்தால் அதுவும் இல்லை. இனி, வயலின் நடுவிலேயே குறியெண் தாழ்ந்திருப்பதாகக் கொள்வோம். தழைச்சத்துக் குறையா, துத்தநாகக் குறையா, நீர் தேங்கி வேர் அழுகியதா? கோள் இதனைக் கூறாது. களை மண்டிய வயலும் நல்ல பசுமையாகவே படத்தில் தோன்றும். ஒருவர் இறங்கிச் சென்று பார்க்கவேண்டும். பாடத்தில் இந்த இறங்கிச் செல்லும் பகுதி இல்லையெனின், தெரிந்துகொண்டது கணக்கு; வேளாண்மையன்று.

மண்ணின் ஈரத்தை அளக்கும் மின்கருவிக்கும் இது பொருந்தும். இன்று மலிவாகக் கிடைக்கும் ஈரமானிகளுட் பல, மண் எவ்வளவு மின்னூட்டத்தைத் தாங்குகிறது என்பதைக் கொண்டு ஈரத்தை மதிப்பிடுபவை. களிமண் மிகுதியும் உப்பும் இக்கணக்கைப் பிறழச் செய்யும். கரிசல் மண்ணிலோ வேறொரு தொல்லை: உலரும்போது நிலம் வெடிக்கும், வெடிப்பு கருவியின் பக்கமாக விழுந்தால் அது மண்ணை அளவாது காற்றை அளக்கும். ஆகவே ஒவ்வொரு மண்ணிலும் கருவியைச் சரிபார்த்துக் கொள்ளவேண்டும். சரிபார்க்கும் முறை பழமையானது, எளியது. ஈரமண்ணை நிறுத்து, அடுப்புப் பெட்டியில் 105 பாகை வெப்பத்தில் ஒரு நாள் உலர்த்தி, மீண்டும் நிறுக்கவேண்டும். 120 கிராம் 100 கிராமாகக் குறைந்தால் எடைவழி ஈரம் 100க்கு 20. மண்ணின் பருமனடர்த்தி 1.3 எனில் கொள்ளளவு வழி ஈரம் 100க்கு 26. கருவி 35 எனக் காட்டினால் எதனை நம்புவது? இக்கேள்வி ஒரு முறையேனும் மாணவனுக்குத் தன் கையால் எழுந்திருக்கவேண்டும். எழாதவன், கருவி காட்டிய எண்ணை உழவரிடம் அப்படியே ஒப்பிப்பான். தண்ணீர் போதும் என்று அவன் சொல்லிப் பயிர் வாடினால், இழப்பு அவனுடையதன்று.

நிற்க. இவ்விடத்தில் மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் ஒரு செய்தி கூற விரும்புகிறேன். பாசனப் பாடங்களில் ‘பீல்டு கப்பாசிட்டி’ என்றொரு தொடர் அடிக்கடி வரும். ‘வயல் கொள்திறன்’ என்று அதனைத் தமிழாக்குவர். தமிழில் மட்டும் படிக்கும் மாணவன், வயல் நிரம்பத் தேங்கிய நீரின் அளவு என்று பொருள் கொள்ளக் கூடும். உண்மையில் அது, நன்றாகப் பாய்ச்சிய நீரில் மிகையானது புவியீர்ப்பால் கீழிறங்கியபின், இரண்டு மூன்று நாள் கழித்து மண் தன்னகத்தே பிடித்து வைத்திருக்கும் ஈரம். ‘மண் பிடிப்பீரம்’ என்றாற் போன்ற சொல் இதற்கு நெருங்கி வரும். ஆயினும் எச்சொல்லை ஆண்டாலும், பாய்ச்சிய மறுநாளும் மூன்றாம் நாளும் அந்த மண்ணைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தவனுக்கே பொருள் நிலைக்கும். மண்ணை உருட்டிப் பார்க்க ஆங்கிலமும் வேண்டாம், தமிழாக்கமும் வேண்டாம்.

‘சஸ்டெயினபிள்’ என்னும் சொல்லுக்கு நிலைத்த, நீடித்த, வளங்குன்றா எனப் பல ஆக்கங்கள் வழங்குகின்றன. இவற்றுள் ‘வளங்குன்றா’ என்பதையே நான் விரும்புவேன். ஏனெனில் அச்சொல்லிலேயே ஒரு சோதனை உள்ளது: எந்த வளம், எவ்வளவு குன்றிற்று? கிணற்றின் நீர்மட்டம் சென்ற ஆண்டு எத்தனை அடியில் இருந்தது, இவ்வாண்டு எத்தனை அடியில்? மண்ணின் கரிமச் சத்து கூடிற்றா, குறைந்ததா? அளக்கப்படாத வளத்தைக் குன்றாதது என்று சொல்லிவிட எவராலும் இயலும். விளம்பரங்கள் அதனை நாள்தோறும் செய்கின்றன.

ஒரு வளத்தைக் காக்கப் போய் வேறொன்று கெடுவதும் உண்டு. பஞ்சாப் மாநிலத்தின் நிகழ்ச்சி இதற்குத் தக்க பாடம். நிலத்தடி நீரைக் காக்கவேண்டி 2009ஆம் ஆண்டில் அம்மாநிலம் ஒரு சட்டம் இயற்றிற்று. கோடையின் உச்சத்தில் நெல் நட்டால் நீர் மிகுதியாக ஆவியாகும் என்பதால், ஜூன் 10ஆம் நாளுக்கு முன் நடவு கூடாதென அது விதித்தது. நோக்கம் நன்று. ஆனால் நடவு பின்தள்ளப்படவே அறுவடையும் பின்தள்ளப்பட்டது. கோதுமை விதைப்பிற்கு முன் கிடைக்கும் இடைவெளி சுருங்கிற்று. அறுவடை இயந்திரம் விட்டுச் சென்ற தாளை அகற்ற நேரமின்றித் தீயிடும் வழக்கம் அக்குறுகிய நாள்களில் மேலும் செறிந்தது. தாளை அகற்றாமலே கோதுமை விதைக்கும் ‘ஹாப்பி சீடர்’ இயந்திரம் லூதியானா வேளாண் பல்கலைக்கழகத்தார் ஆஸ்திரேலிய அறிஞர்களுடன் கூடி உருவாக்கியது. அது இருந்தும் தீ முற்றும் நிற்கவில்லை. இயந்திரத்தின் விலை, அதனை இழுக்க வலுமிக்க டிராக்டர், ஆண்டில் சில நாள்களே பயன்படும் தன்மை என்பன குறுக்கே நின்றன. இணையவழிப் பாடத்தில் நீர்ச் சிக்கனம் மூன்றாம் வாரத்திலும், தாள் மேலாண்மை ஏழாம் வாரத்திலும் வரும். இரண்டிலும் முழு மதிப்பெண் பெற்ற மாணவன், ஒன்று மற்றொன்றைத் தள்ளிவிட்டதை அறியாமலே தேறிவிடலாம். ஓர் உழவரின் பயிர் நாட்காட்டியை, நடவு முதல் அடுத்த விதைப்பு வரை, தேதியிட்டு எழுதி வரச் சொன்னால் அவன் தானே கண்டுகொள்வான்.

ஆதலின் என் கோரிக்கை இது. என்பிடெல் பாடங்களில் வாரப் பயிற்சிகளுக்கு 25 மதிப்பெண்ணும், மேற்பார்வையுடன் கூடிய எழுத்துத் தேர்விற்கு 75 மதிப்பெண்ணும் வழங்குவது வழக்கமாக இருந்து வந்துள்ளது. இயந்திரப் பொறியியலுக்கு இது பொருந்தலாம். வேளாண்மையைச் சார்ந்த பாடங்களுக்கு எழுத்துத் தேர்வு 40, வாரப் பயிற்சி 20, வயல் அளவை 40 எனப் பங்கிடவேண்டும். வயல் அளவை என்பது பெரிய ஆராய்ச்சியன்று. மாணவன் தன் இருப்பிடத்திலிருந்து நடந்தோ மிதிவண்டியிலோ செல்லக்கூடிய ஒரு வயலைத் தேர்ந்து, பாடம் நடைபெறும் 12 வாரமும் ஏதேனும் ஒன்றை முறையாக அளந்து எழுதிவருவதே போதும்.

விலையுயர்ந்த கருவி வேண்டுமென்பதும் இல்லை. இலை வண்ண அட்டை என்பது சில பச்சை நிறப் பட்டைகள் கொண்ட சிறு அட்டையே. லூதியானாவின் பரிந்துரை என்னவெனில், நட்ட 14 நாளிலிருந்து ஏழு முதல் பத்து நாளுக்கொருமுறை 10 பயிர்களில் முற்றும் விரிந்த முதல் இலையை அட்டையோடு ஒப்பிடவேண்டும், ஆறோ அதற்கு மேலோ 4ஆம் நிறத்தைவிட வெளிறியிருந்தால் ஏக்கருக்கு 25 கிலோ யூரியா இடவேண்டும், இல்லையேல் இடவேண்டா. தமிழகத்தில் வெள்ளைப் பொன்னிக்கு 3ஆம் நிறமும் ஏனைய இரகங்களுக்கு 4ஆம் நிறமும் எல்லையாகக் கொள்ளப்படுகின்றன. இரகம் மாறின் எல்லையும் மாறும் என்பது இதிலேயே விளங்கிவிடுகிறது. வெயிலில் பிடித்தால் ஒரு நிறமாகவும், தன் உடல் நிழலில் பிடித்தால் வேறு நிறமாகவும் தோன்றும் என்பதை எந்தத் திரையும் மாணவனுக்கு உணர்த்தாது. துல்லிய வேளாண்மையின் முழுத் தத்துவமும், அதாவது அளந்து, எல்லையோடு ஒப்பிட்டு, தேவையான இடத்தில் மட்டும் இடுதல் என்பது, இவ்வட்டைக்குள் அடங்கியிருக்கிறது. ட்ரோனும் கோளும் பின்னர் வரட்டும்.

நெல் வயலில் நீரை மாறிமாறிக் காயவிட்டுப் பாய்ச்சும் முறையும் அத்தகையதே. துளையிட்ட ஒரு குழாயை மண்ணில் புதைத்து, குழாயினுள் நீர் தரைமட்டத்திற்கு 15 சென்டிமீட்டர் கீழே இறங்கியதும் மீண்டும் பாய்ச்சவேண்டும். ஒரு துண்டுக் குழாயும் ஓர் அளவுகோலும் தவிர வேறொன்றும் வேண்டுவதில்லை.

இனி, இதற்கு எழக்கூடிய தடைகளைப் பார்ப்போம். ஒரு பாடத்தில் ஆயிரக்கணக்கானோர் சேர்கின்றனர், இத்தனை பேருடைய வயலேடுகளை எவர் திருத்துவது என்று பேராசிரியர்கள் கேட்பர். நியாயமான கேள்வி. ஆயினும் எழுத்துத் தேர்வு நடத்த நகரந்தோறும் நிலையங்கள் அமைக்கப்படுகின்றன; ஆளறி அட்டை சரிபார்க்கப்படுகிறது; மேற்பார்வையாளர் நியமிக்கப்படுகின்றனர். தேர்வு எழுதுவதற்கு இடம் தேட இயலுமாயின், வயல் பார்ப்பதற்கும் இயலும். மாணவர்களை எட்டெட்டுப் பேராகக் குழு சேர்த்து, குழுவிற்கு ஓர் உள்ளூர் வழிகாட்டியை அமர்த்தினால், 1956ஆம் ஆண்டு மன்றத்தின் மறுபதிப்பாக அது அமையும்.

மாணவர்கள் வீட்டிலிருந்தபடியே எண்களைப் புனைந்துவிடுவார்களே என்பது அடுத்த தடை. புனைபவர் சிலர் இருப்பர். ஆனால் உண்மையான வயல் எண்கள் ஒழுங்காக ஏறி இறங்குவதில்லை. இடையே மழை பெய்யும், பக்கத்து மடை உடையும், ஆடு மேய்ந்துவிடும். வழவழவென்று சீராக வரும் ஏட்டின்மீது அனுபவமுள்ள ஆசிரியருக்கு உடனே ஐயம் தோன்றும். எழுத்துத் தேர்விலும் காப்பியடிப்பவர் உளர். அதற்காக எவரும் தேர்வை நீக்கிவிடவில்லை.

நகரத்து மாணவனுக்கு நிலம் ஏது என்பர் சிலர். பள்ளித் தோட்டம், கோயில் நந்தவனம், உறவினர் தோப்பு, வேளாண் அறிவியல் நிலையத்தின் பண்ணை ஆகியவற்றுள் ஒன்றுகூடக் கிட்டாத ஊர் அரிது. புதுச்சேரியில் 1974இல் முதலாவதாகத் தொடங்கிய அந்நிலையங்கள் இன்று நாடெங்கும் 700க்கு மேற்பட்டுள்ளன.

இது நடவாத கனவு அன்று என்பதற்குச் சான்றும் உண்டு. 2020ஆம் ஆண்டு மார்ச்சில் கொரோனா நோயின் பொருட்டுக் கல்லூரிகள் மூடப்பட்டபோது, வேளாண் பட்டப்படிப்பின் இன்றியமையாப் பகுதியாகிய கிராம அனுபவப் பயிற்சி தடைப்பட்டது. பல பல்கலைக்கழகங்கள் மாணவர்களைத் தத்தம் ஊரிலேயே அப்பயிற்சியை மேற்கொள்ளச் செய்தன. வேறு வழியின்மையால் செய்த ஏற்பாடுதான். எனினும் அதில் ஒரு நன்மை மறைந்திருந்தது. அதுவரை குழுவாகப் பேருந்தில் சென்று இறங்கி, அறியாத ஊரில் தங்கிய மாணவன், தன் தந்தையின் வயலுக்கும் அண்டை வீட்டாரின் வயலுக்கும் குறிப்பேட்டுடன் சென்றான். அங்கே தவறான ஆலோசனையைக் கூறிவிட்டு ஊரை விட்டுப் போய்விட இயலாது.

களப்பணியாளர்களின் நிலையையும் எண்ணவேண்டும். இத்திட்டத்தில் உள்ளூர் வழிகாட்டியாக அமையத் தக்கவர் அவர்களே. ஆனால் ஏற்கெனவே பதிவேடுகளும் இலக்குகளும் அவர்களை அழுத்துகின்றன. மேலும் ஒரு வேலையைச் சம்பளமும் நேரமும் ஒதுக்காமல் சுமத்தினால், கையொப்பம் மட்டுமே கிடைக்கும். குழு ஒன்றிற்குப் பருவத்தில் இத்தனை நாள் எனக் கணக்கிட்டு, அது அலுவலக நாளாகவே ஏற்கப்பட்டு, பாடத்திற்குப் பெறும் கட்டணத்திலிருந்து மதிப்பூதியமும் வழங்கப்படவேண்டும். பாடத்தை நடத்தும் பேராசிரியரின் பெயரோடு சான்றிதழில் வழிகாட்டியின் பெயரும் இருக்கவேண்டும். வயலேடு அந்தந்த மாநில மொழியில் எழுதப்படவேண்டும் என்பதும் இதனோடு சேர்ந்ததே. உழவரும் களப்பணியாளரும் வாசித்து, ‘இது எங்கள் வயல்தான்’ என்று கூறக் கூடியதாக அது இராவிடில் சரிபார்ப்பு என்பது பொய்.

வழிகாட்டி அதற்காகப் பெரிதும் சிரமப்படவேண்டியதில்லை. மண்வள அட்டையையே எடுத்துக்கொள்ளலாம். 2015இல் அத்திட்டம் தொடங்கியபோது பாசன நிலத்தில் 2.5 ஹெக்டேருக்கு ஒன்று, மானாவாரியில் 10 ஹெக்டேருக்கு ஒன்று என்ற கணக்கில் மண் மாதிரி எடுக்கப்பட்டது. அதாவது 1.08 ஹெக்டேர் உடையவரின் அட்டையிலுள்ள எண், அடுத்தவர் வயலில் எடுத்த மண்ணின் எண்ணாக இருந்திருக்கலாம். மாணவன் அட்டையோடு வரும்போது வழிகாட்டி மூன்று வினாக்கள் கேட்டால் போதும்: இந்த மண் எந்த மூலையில் எடுத்தது? எந்தப் பயிர் நின்றபோது எடுத்தது? உரமிட்டு எத்தனை நாள் ஆகியிருந்தது? முதல் வாரத்தில் மாணவனுக்கு விடை தெரியாது. உழவரிடம் சென்று கேட்டுவந்து மறுவாரம் கூறுவான். சில வேளை உழவருக்கும் தெரிந்திராது. அப்போது இருவரும் மண்வெட்டியுடன் வயலுக்குச் சென்று புதிதாக ஒரு மாதிரி எடுப்பர். அன்றைய பாடத்திற்கு 5 மதிப்பெண் தரலாம்.